பித்தி எனப் பட்டம் சூட்டப்பெற்ற பேரரசி

முடியாண்ட மன்னர் பலர்க்கு வரலாறு அடைமொழி ஒன்றைச் சூட்டி மகிழ்வதுண்டு. சிலர் 'மாபெரும்' என்னும் அடைமொழியைப் பெறுவர். சிலர் 'நல்லவர்' எனப்படுவர். ஸ்பெயின் நாட்டின் அரசி ஹுவானாவுக்கு வாய்த்த அடைமொழியோ 'பித்தி' என்பதாகும். அவர்தம் தந்தை பெர்டினாண்டைக் 'கத்தோலிக்க மன்னர்' என்றும், கணவர் பிலிப்பை 'அழகர்' என்றும் போற்றும் அதே ஏடுகள் இவ்வம்மையாரை மட்டும் 'பித்தி ஹுவானா' என எழுதிக் கடந்து செல்கின்றன. ஐந்து நூற்றாண்டுகளாக இப்பட்டம் கேள்வியின்றி வழங்கி வருகின்றது. இதனைச் சூட்டியவர் யாவர், இதனால் பயன் பெற்றவர் யாவர் என வினவுவோர் சிலரே. அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். மருத்துவர் எவரும் ஆய்ந்து கூறிய முடிவன்று இப்பட்டம். கணவன், தந்தை, மகன் ஆகிய மூவருக்கும் அடுத்தடுத்துத் தேவைப்பட்ட ஓர் அரசியல் கருவியே இது என்பது என் துணிபு.

1479 ஆம் ஆண்டு நவம்பர் 6 ஆம் நாள் தொலேதோ நகரில் ஹுவானா பிறந்தார். தாய் காஸ்டில் நாட்டரசி இசபெல்லா. தந்தை அரகான் நாட்டு மன்னர் பெர்டினாண்டு. மறுமலர்ச்சிக் காலத்தின் கல்வி வெளிச்சம் அரண்மனைப் பெண்கள் மீதும் படர்ந்திருந்த நேரம் அது. இசபெல்லா தாமே வளர்ந்த பின்னர் இலத்தீன் கற்றவர். தம் மகளிர்க்கு இளமையிலேயே அதனைக் கற்பித்தார். ஹுவானா இலத்தீனிற் புலமை பெற்றார். இசைக்கருவிகள் மீட்டுவதிற் சிறந்தார். பிற்காலத்தே பிளாண்டர்ஸ் நகரங்களில் தம்மை வரவேற்று இலத்தீனிற் பேசியோர்க்கு முன்னேற்பாடின்றி அம்மொழியிலேயே அவர் விடையிறுத்தார் என்று, பெண்கல்வி குறித்து 1523 இல் நூல் செய்த அறிஞர் ஹுவான் லூயிஸ் விவெஸ் பாராட்டி எழுதியுள்ளார். அவ்வாண்டில் அவ்வம்மையார் சிறையிருந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அவருக்குப் பன்னிரண்டு வயது நிரம்பியிருந்தபோது, 1492 சனவரி 2 ஆம் நாள், கிரனாடா நகரின் திறவுகோல்கள் அவர்தம் பெற்றோர் கைக்கு மாறின. அந்தலூசியாவின் இறுதி மன்னர் அபூ அப்துல்லாஹ் நகரைவிட்டு வெளியேறினார். அந்நிகழ்ச்சியை நம் சமுதாயம் மறந்ததில்லை. அந்நகரோடு ஹுவானாவின் வாழ்வும் சாவும் பிணைக்கப்பட்டிருந்தன என்பது பலரும் அறியாதது.

1496 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் லரேதோ துறைமுகத்திலிருந்து அவர் கடலேறினார். மணமகன் ஹாப்ஸ்பர்க் மரபினரான பிலிப். பேரரசர் மாக்சிமிலியனின் மகன். பர்கண்டி நிலங்களின் கோமகன். அக்டோபர் 20 ஆம் நாள் லியர் நகரில் திருமணம் நடந்தேறியது. பிரான்சு நாட்டை இருபுறமும் நெருக்கும் பொருட்டுப் பெற்றோர் செய்த அரசியல் ஏற்பாடே அது. எனினும் ஹுவானா கணவரைப் பெரிதும் நேசித்தார். பிலிப்போ அழகர் என்னும் பெயருக்கு ஏற்பப் பிற மகளிரையும் நாடுபவர். மனைவிக்குரிய வருவாயை அவர் கையிற் சேரவிடாது தடுத்தார்; பணியாளர்க்கு ஊதியம் அளிக்கவும் இயலாத நிலையில் அயல்நாட்டு அரண்மனையில் ஹுவானா நாட்களைக் கழித்தார். காஸ்டிலிலிருந்து உடன் வந்தோர் ஒவ்வொருவராக விலக்கப்பட்டனர். பின்னாளிற் பித்தென்று பேசப்பட்டதன் முதல் விதை இவ்வறுமையிலும் தனிமையிலும் விழுந்தது என்பேன். காதலே பித்தாயிற்று எனக் கதை புனைந்தோர் இப்பணக்கணக்கைப் பார்த்ததில்லை.

மூன்றாம் குழந்தையாய்ப் பிறந்த ஹுவானா அரியணைக்கு உரியவர் அல்லர். சாவு அவரை அங்கே கொண்டு சேர்த்தது. 1497 இல் தமையன் ஹுவான் மாண்டார். 1498 இல் தமக்கை இசபெல் மகப்பேற்றின்போது உயிர்நீத்தார். அவர் ஈன்ற மைந்தன் மிகெல் 1500 இல் இரண்டு வயதும் நிரம்பாது மறைந்தான். மூன்றே ஆண்டுகளில் மூன்று இறப்புகள். காஸ்டில், அரகான் ஆகிய இரு நாடுகளின் எதிர்காலமும் பிளாண்டர்சில் இருந்த அவ்விளம் பெண்ணின் தலைமேல் வந்திறங்கியது.

1502 ஆம் ஆண்டு மே மாதம் தொலேதோவில் அவரைக் காஸ்டிலின் முடியுரிமையாளராக ஏற்று நாட்டு மன்றத்தார் உறுதிமொழி கூறினர். அதே ஆண்டு பிப்ரவரியிற்றான் காஸ்டில் நாட்டு முஸ்லிம்கள் திருமுழுக்குப் பெறவேண்டும் அல்லது நாட்டைவிட்டு வெளியேறவேண்டும் என்னும் ஆணை பிறந்திருந்தது. 1491 இல் கிரனாடா மக்களுக்குப் பள்ளிவாசலையும் மார்க்கத்தையும் வழக்குமுறையையும் காப்பதாக எழுதிக்கொடுத்த ஒப்பந்தம் அதற்குமுன்பே பேராயர் சிஸ்னெரோசின் கைவண்ணத்தால் முறிந்துபோயிருந்தது. இச்சிஸ்னெரோஸ் நம் கதையிலும் இருமுறை ஆட்சிப்பொறுப்பாளராக வந்துபோவார்.

அவ்வாண்டு இறுதியில் பிலிப் மனைவியை விட்டுவிட்டுத் தம் நாடு திரும்பினார். ஹுவானா கருவுற்றிருந்தார். மகன் பிறந்த பின்னரும் தாய் இசபெல்லா அவரைப் போகவிடவில்லை. 1503 நவம்பரில் மெதினா தெல் காம்போ நகரத்து மோத்தாக் கோட்டையில் நிகழ்ந்ததே அவர் பித்துக்கு முதற்சான்றாக எல்லாரும் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி. புறப்பட முயன்றவரைத் தடுக்கக் கோட்டைப் பாலம் தூக்கப்பட்டது. அவர் உள்ளறைக்குத் திரும்ப மறுத்து, கடுங்குளிரில் வாயிற்புறத்திலேயே இரவைக் கழித்தார். கணவனிடமும் பிள்ளைகளிடமும் செல்லவிடாது பாலத்தைத் தூக்கியோரின் செயலுக்கு எவரும் பெயர் வைக்கவில்லை. வாயிலில் நின்றவளின் செயலுக்கு மட்டும் பித்து என்று பெயராயிற்று!

1504 இல் அவர் பிளாண்டர்ஸ் திரும்பினார். கணவருடைய காதற்கிழத்தியைத் தாக்கினார் என்னும் செய்தி ஸ்பெயின் வரை எட்டியது. பொறாமை அவரிடம் இருந்ததா? இருந்தது. 1505 மே 3 ஆம் நாளிட்டு அவர் பெயரால் எழுதப்பட்ட மடல் ஒன்று அதனை ஒப்புக்கொள்கிறது; தம் தாய்க்கும் அந்நோய் இருந்ததென்றும் காலமே அதனைத் தீர்த்ததென்றும் அம்மடல் கூறுகிறது. இசபெல்லாவின் பொறாமையைப் பித்து என்பார் எவருமிலர்.

அத்தாய் 1504 நவம்பர் 26 ஆம் நாள் மறைந்தார். காஸ்டிலின் சட்டப்படி ஹுவானா அரசியானார். ஆனால் தாயின் இறுதி முறியில் ஒரு வாசகம் இடம்பெற்றிருந்தது: மகள் நாட்டில் இல்லாவிடினும், ஆள விரும்பாவிடினும், ஆள இயலாவிடினும், தந்தை பெர்டினாண்டு ஆட்சிப்பொறுப்பை ஏற்கலாம் என்பதே அது. மூன்று வாயில்களை அவ்வாசகம் திறந்துவிட்டது. மூன்றாம் வாயிலின் வழியே அனைவரும் நுழைந்தனர்.

இங்கே நிகழ்ந்த சூழ்ச்சியைச் சற்று நின்று நோக்க வேண்டும். மனைவியின் நடத்தைக் குறைகளை ஒரு குறிப்பேட்டில் எழுதுவித்துப் பிலிப் முன்பே ஸ்பெயினுக்கு அனுப்பியிருந்தார். மனைவியை ஒதுக்கிவிட்டுத் தாம் ஆளலாம் என்பது அவர் எண்ணம். பெர்டினாண்டு அதனினும் சூழ்ச்சி வல்லவர். 1505 இல் தோரோ நகரிற் கூடிய மன்றத்தின் முன் மருமகன் தந்த சான்றுகளையே எடுத்துவைத்து, மகள் ஆள இயலாதவள் எனக் காட்டி, ஆட்சியைத் தாம் பெற்றுக்கொண்டார். திகைத்துப்போன பிலிப், மனைவி நலமாகவே உள்ளார் என்று காட்டும் வகையில் எழுந்ததே மேலே கூறிய மே மாத மடல். ஆகப் பெர்டினாண்டு ஆளவேண்டியபோது ஹுவானா பித்தி; பிலிப்புக்கு உரிமை வேண்டியபோது அவரே தெளிந்தவர். ஓராண்டுக்குள் இவ்விரண்டும் அரங்கேறின.

1506 சனவரியில் கணவனும் மனைவியும் கடலேறினர். புயலால் இங்கிலாந்தில் ஒதுங்கி, ஏப்ரலில் லா கொரூன்யாவில் இறங்கினர். பெருமக்கள் பலர் பிலிப் பக்கம் சாயக் கண்ட பெர்டினாண்டு இறங்கிவந்தார். சூன் 27 ஆம் நாள் வில்யாபாபிலாவில் மாமனும் மருமகனும் உடன்படிக்கை செய்துகொண்டனர். ஹுவானா ஆட்சியில் தலையிடுதல் நாட்டுக்குக் கேடு என்றும், அவர் தலையிட முயன்றால் இருவரும் சேர்ந்து தடுப்பது என்றும் அதிற் கண்டது. அன்றே பெர்டினாண்டு, தாம் வற்புறுத்தப்பட்டுக் கையொப்பமிட்டதாகவும் தம் மகளின் உரிமையைப் பறிக்கத் தாம் ஒப்பவில்லை என்றும் மறைவாக வேறோர் ஆவணம் எழுதிவைத்தார். ஒரே நாளில் ஒரே கையால் இருவேறு உண்மைகள்!

எனினும் நாட்டு மக்களின் பேராளர் அவ்வளவு எளிதில் இசையவில்லை. அடுத்த மாதம் வல்யதோலித் நகரிற் கூடிய மன்றம் ஹுவானாவையே உரிமையுடைய அரசியாக ஏற்று உறுதிகூறியது. அவரை ஆளத் தகாதவர் என அறிவிக்கப் பிலிப் செய்த முயற்சி பலிக்கவில்லை. மன்னர் மாளிகைகளில் இல்லாத நேர்மை நகரப் பேராளரிடம் இருந்தது.

செப்டம்பர் 25 ஆம் நாள் பர்கோஸ் நகரில் பிலிப் இறந்தார். வயது இருபத்தெட்டு. ஹுவானா ஆறாம் குழந்தையை வயிற்றிற் சுமந்திருந்தார்.

இதன்பின் வருவதே உலகறிந்த காட்சி. கணவனின் சவப்பெட்டியோடு பனியிலும் இருளிலும் காஸ்டில் நிலப்பரப்பெங்கும் அலைந்த பித்தி! 1877 ஆம் ஆண்டு பிரான்சிஸ்கோ பிரதில்யா இதனைப் பெரிய ஓவியமாகத் தீட்டினார். மத்ரித் நகரத்து பிராதோ அருங்காட்சியகத்தில் இன்றும் அது தொங்குகிறது. கருப்பு உடையணிந்து, வெறித்த பார்வையோடு, பெட்டியின் முன் நிற்கும் அவ்வுருவத்தைக் கண்டோர் மனத்தில் வேறு ஹுவானா நுழைய இடமில்லை. நாடகமும் திரைப்படமும் அவ்வழியே சென்றன. ஓவியர்மீது குறையில்லை, ஓவியத்தை ஆவணமாகக் கொண்டோர்மீதே குறை.

நிகழ்ந்தது யாது? தம் உடல் கிரனாடாவில் அடக்கப்பட வேண்டும் என்பது பிலிப்பின் விருப்பம். பர்கோசிலோ கொள்ளைநோய் பரவி வந்தது. இசபெல்லா அரசி துயிலும் கிரனாடாவிற் பிலிப்பும் அடக்கப்படுவாராயின், அவர் மன்னராக ஏற்கப்பட்டவர் ஆவார்; அவர் மகன் சார்லசின் முடியுரிமையும் உறுதிப்படும். தென்னாட்டுக்குச் செல்வது ஹுவானாவுக்கும் அரசியற் பயன் தருவதே. பெட்டியைத் திறந்து பார்த்தார் என்பது மெய்யே. உடலைப் பிளாண்டர்சுக்காரர் எடுத்துச்சென்றுவிட்டனரோ என்னும் ஐயம் அவருக்கு இருந்தது. மன்னரின் இதயம் தனியே பிளாண்டர்சுக்கு அனுப்பப்பட்டிருந்ததால் அவ்வையத்துக்கு இடமும் இருந்தது. அப்பயணம் நெடுந்தொலைவு செல்லவுமில்லை. தோர்க்கெமாதா என்னும் சிற்றூரில் 1507 சனவரியில் மகள் கத்தலீனா பிறந்தாள்.

இப்பயணத்துக்குப் புறப்படுமுன் அவர் செய்த ஒன்றை ஓவியம் காட்டாது. 1506 டிசம்பர் 18 ஆம் நாள், அரச நிலங்களையும் வருவாயையும் வேண்டியவர்க்கெல்லாம் பிலிப் வாரி வழங்கிய கொடைகள் யாவும் செல்லாவென ஹுவானா ஆணையிட்டார். கணவன் மீது கொண்ட காதலால் அறிவிழந்தார் எனப்படும் ஒருவர், அக்கணவனின் ஊதாரித்தனத்தை அவர் இறந்த மூன்று திங்களில் ஒரு கையொப்பத்தால் துடைத்தெறிந்தார். தந்தையை ஆட்சிக்கு அழைக்கும் மடலிற் கையொப்பமிடுமாறு சிஸ்னெரோஸ் மன்றாடியபோதும் அவர் இணங்கவில்லை. இவை பித்தியின் செயல்களெனின், தெளிந்தோர் செயல் எத்தகையதென அறிய விழைகிறேன்.

ஆயினும் அவர் தளர்ந்திருந்தார் என்பதை மறைத்தல் நேர்மையன்று. உண்ண மறுத்தார், தரையிற் படுத்தார், அரசுப் பணிகளை நாட்கணக்கில் ஒத்திப்போட்டார். அவர்தம் தாய்வழிப் பாட்டியாரும் மனநோயால் அரேவலோவில் ஒடுங்கிக் கிடந்தவர். பிற்கால மருத்துவர் சிலர் கடுந்துயர் நோய் என்றும் சிலர் அதனினும் கொடிய மனப்பிளவு என்றும் தத்தம் கருத்தை எழுதியுள்ளனர். ஐந்நூறாண்டுக்கு முன் வாழ்ந்தவரை, அவரைச் சிறைவைத்தோர் எழுதிய மடல்களைக்கொண்டு நோய் தீர்மானிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. உணவு மறுத்தல் சிறைப்பட்டோரின் கையிலுள்ள ஒரே படைக்கலம் என்பதை நம் நாட்டு விடுதலைப் போர் கண்ட தலைமுறைக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

1507 இல் பெர்டினாண்டு திரும்பி வந்தார். 1509 ஆம் ஆண்டு தொடக்கத்தில் இருபத்தொன்பது வயது அரசியும் அவர்தம் இரண்டு வயதுக் குழந்தை கத்தலீனாவும் தோர்தேசியாஸ் நகர அரண்மனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஸ்பெயினும் போர்ச்சுகலும் உலகை இரு கூறாக்கித் தமக்குள் பங்கிட்டுக்கொண்டது 1494 இல் இவ்வூரிற்றான். பிலிப்பின் பெட்டி அருகிலிருந்த சாந்தா கிளாரா மடத்தில் வைக்கப்பட்டது. அதன்பின் நாற்பத்தாறு ஆண்டுகள், இடையே நோய்ப்பரவலால் ஒரு சிறு இடமாற்றம் தவிர, ஹுவானா அவ்வூரை விட்டு நீங்கவில்லை.

ஆனால் ஆணைகளோ அவர் பெயரால் பறந்தன! இவ்வரலாற்றில் என்னை மிகவும் உறுத்துவது இப்பகுதியே. 1511 ஆம் ஆண்டு கிரனாடாவின் மொரிஸ்கோக்கள், அதாவது வற்புறுத்தலால் திருமுழுக்குப் பெற்ற முஸ்லிம்கள், தம் அரபு நூல்களைக் கொணர்ந்து காட்டவேண்டும் என ஆணை பிறந்தது. மார்க்க நூல்கள் எரிக்கப்படவேண்டும். மருத்துவம், தத்துவம், வரலாறு பற்றியவை திருப்பித் தரப்படலாம். அவ்வாண்டுகளிற்றான் அவர்தம் உடைக்கும், விலங்கறுக்கும் முறைக்கும் தடைகள் விதிக்கப்பட்டன. இவ்வாணைகளின் தலைப்பில் நிற்கும் பெயர் அரசி ஹுவானா. அவர் இவற்றை ஏற்றிருப்பாரோ மறுத்திருப்பாரோ, அஃதன்று நாம் காணவேண்டியது. நூலிழந்த அம்மக்கள் யார்பால் முறையிட வேண்டுமோ, அவர் தம் அறையின் கதவைத் தாமே திறக்க இயலாதவராய் இருந்தார்.

1513 இல் கடல்கடந்த புதிய நிலங்களின் மக்கள் முன் படித்துக்காட்டுவதற்கென ஓர் அறிக்கை வரையப்பட்டது. ஸ்பானிய ஆட்சிக்கும் திருச்சபைக்கும் பணியுங்கள். மறுத்தால் போர் தொடுப்போம், உங்களையும் மனைவி மக்களையும் அடிமையாக்குவோம், வரும் கேடுகளுக்கு நீங்களே பொறுப்பு என்பது அதன் சாரம். கேட்போர்க்கு விளங்காத மொழியில் அது படிக்கப்பட்டது. அதுவும் மன்னர் பெர்டினாண்டின் பெயராலும் அவர் மகள் காஸ்டில் அரசி ஹுவானாவின் பெயராலுமே தொடங்குகிறது. ஓர் அறையைக் கூட ஆள இயலாதவர் எனப்பட்டவரின் பெயர் பெருங்கடலுக்கு அப்பாலும் ஆண்டது.

1516 சனவரியில் பெர்டினாண்டு இறந்தார். மகன் சார்லஸ் பிரசெல்ஸ் நகரில் தாயோடு இணை மன்னராகத் தம்மை அறிவித்துக்கொண்டார். அதுவரை அரசியின் காவலராயிருந்த மோசன் லூயிஸ் பெர்ரெர், அரசி உணவு மறுத்துச் சாகாதிருக்கும் பொருட்டுக் 'கயிறு' இடுமாறு பெர்டினாண்டு ஆணையிட்டிருந்தார் எனத் தம்மைக் காத்துக்கொள்ள எழுதிய மடல் எஞ்சியுள்ளது. அச்சொல்லின் பொருளை அறிஞர் பலவாறு கூறுவர். மென்மையான பொருள் எதுவும் அதற்கிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

1517 நவம்பரில், பன்னிரண்டு ஆண்டு இடைவெளிக்குப்பின், பதினேழு வயது சார்லஸ் தாயைக் கண்டார். சிறை தொடர்ந்தது. 1518 இல் டெனியா கோமகன் காவலரானார். (குர்ஆன் ஓதும் முறைகளைத் தொகுத்தளித்த பேரறிஞர் அபூ அம்ர் அத்தானீ வாழ்ந்த தானியாவே இந்த டெனியா, ஊர்ப்பெயர்கள் மனிதரினும் நீடு வாழ்கின்றன.) தந்தை இறந்த செய்தி அரசிக்கு மறைக்கப்பட்டது. அவர் உயிரோடிருக்கிறார் என்றே டெனியா பேசிவந்தார். ஒருவரைச் சுற்றிப் பொய்யுலகம் ஒன்றை எழுப்பிவிட்டு, அவருக்கு மெய்யுலகம் தெரியவில்லை எனக் குறைகூறுவது எத்துணைக் கொடுமை!

அவ்வாண்டே மற்றொன்றும் நிகழ்ந்தது. சிறுமி கத்தலீனாவின் அறைக்குத் தாயின் அறை வழியே மட்டும் வழியிருந்தது. சுவரைத் துளைத்து, இரவில் சிறுமியைச் சார்லசின் ஆட்கள் வெளியே கொண்டுசென்றனர். மகளைக் காணாத ஹுவானா உணவையும் உறக்கத்தையும் துறந்தார். வேறு வழியின்றிச் சிறுமி திருப்பி அனுப்பப்பட்டாள். 1525 இல் போர்ச்சுகல் மன்னரை மணக்கக் கத்தலீனா பிரிந்து செல்லும்வரை தாய்க்கு அம்மகளே துணை.

விடுதலை ஒருமுறை வாயில்வரை வந்தது. அயல்நாட்டவரின் ஆதிக்கத்தையும் வரிச்சுமையையும் எதிர்த்துக் காஸ்டில் நகரங்கள் 1520 இற் கிளர்ந்தெழுந்தன. ஆகஸ்டு 29 ஆம் நாள் ஹுவான் தெ பதில்யா தலைமையில் கிளர்ச்சியாளர் தோர்தேசியாசுக்குள் நுழைந்தனர். தந்தை மாண்டு நான்காண்டுகளுக்கு மேலாயிற்று என்பதை அரசி அறிந்தார். செப்டம்பர் 24 ஆம் நாள் மக்கள் பேராளர் முன் அவர் ஆற்றிய உரை பதிவாளர்களால் எழுதப்பட்டுள்ளது. தந்தையின் இறப்பைத் தமக்குச் சொல்லாது மறைத்தமைக்கு வருந்தினார். அயலார் நாட்டுக்குச் செய்த தீங்குக்குக் கவன்றார். எல்லாரோடும் பேசுதல் இயலாமையின் அறிவிற் சிறந்த நால்வரைத் தெரிந்தனுப்புமாறு கேட்டுக்கொண்டார். சார்லசின் பேராளராய் ஆண்ட பேராயர் ஏட்ரியன், இவரே பின்னர்ப் போப்பாண்டவரானவர், அப்போது சார்லசுக்கு எழுதிய மடல் அருமையானது. தெளிந்த அறிவுடைய அரசியைப் பித்தென்னும் பொய்க்காரணங் காட்டிப் பதினான்கு ஆண்டுகள் அடக்கிவைத்ததாக அவர்தம் பணியாளர் ஏறத்தாழ அனைவரும் கூறுகின்றனர் என்று அவர் தெரிவித்தார். அரசி ஒரு கையொப்பமிட்டால் சார்லசின் ஆட்சி கவிழும் என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

அரசி கையொப்பமிடவில்லை. கெஞ்சினர், வற்புறுத்தினர், எழுதுகோல் அசையவில்லை. டிசம்பர் 5 ஆம் நாள் சார்லசின் படை நகரை மீட்டது. 1521 ஏப்ரல் 23 ஆம் நாள் வில்யலாரில் கிளர்ச்சி முறியடிக்கப்பட்டது. மறுநாள் பதில்யா முதலிய தலைவர் மூவரின் தலைகள் வெட்டப்பட்டன. டெனியா மீண்டும் காவலரானார்.

அக்கையொப்பம் ஏன் இடப்படவில்லை? முடிவெடுக்கும் ஆற்றல் இன்மையே காரணம் என்பர் ஒருசாரார். அவர்க்கு நான் உடன்படேன். எவர் நீட்டிய தாளிலும் கையொப்பமிடாமை ஹுவானாவின் வாழ்நாள் வழக்கம். சிஸ்னெரோசுக்கு இடவில்லை, பதில்யாவுக்கும் இடவில்லை. சொந்த மகனின் முடியைப் பறிக்கும் தாளில் ஒரு தாய் கையொப்பமிட மறுத்தலைப் பித்து என்பதா, பேரறிவு என்பதா? ஆனால் அம்மகன் அதற்கு அளித்த கைம்மாறு மேலும் முப்பத்து நான்கு ஆண்டுச் சிறை என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்கவேண்டும்.

சிமன்காஸ் ஆவணக்காப்பகத்தில் மறைந்து கிடந்த இம்மடல்களைக் கண்டெடுத்து 1868 இல் முதன்முதல் வெளியிட்டவர் பெர்கன்ரோத் என்னும் செர்மானிய அறிஞர். அரசி பித்தியல்லர், சமயக் கொள்கை வேறுபாட்டுக்காகவே ஒடுக்கப்பட்டார் என அவர் வாதிட்டார். சமயம்பற்றிய பகுதியைப் பின்வந்தோர் மறுத்தனர், அம்மறுப்பு சரியே. ஆனால் ஒரு வாதம் வீழ்ந்தவுடன் மடல்களும் வீழ்ந்தன போல் பழைய பட்டத்துக்கே பலரும் திரும்பியது சரியன்று. ஆசிரியப் பெருமக்கள் மறுமலர்ச்சிக் கால ஐரோப்பாவைக் கற்பிக்குங்கால் கிரனாடா உடன்படிக்கையையும் வில்யாபாபிலா உடன்படிக்கையையும் அருகருகே வைத்துக் கற்பித்தல் நன்று. பெர்டினாண்டு என்னும் ஒரே மன்னர் அயலாருக்குக் கொடுத்த சொல்லையும் சொந்த மகளுக்குக் கொடுத்த சொல்லையும் எவ்வாறு நடத்தினார் என்பது மாணாக்கர்க்கு எளிதில் விளங்கும்.

ஹுவானா 1555 ஏப்ரல் 12 ஆம் நாள், புனித வெள்ளியன்று, தோர்தேசியாசிலேயே உயிர்நீத்தார். வயது எழுபத்தைந்து. அந்நாள்வரை காஸ்டிலின் அரசாவணங்களில் அவர் பெயர் முன்னும் பேரரசர் சார்லசின் பெயர் பின்னுமே எழுதப்பட்டு வந்தன. 1574 இல் அவருடல் கிரனாடாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பெரும்பள்ளிவாசல் நின்ற நிலத்தை ஒட்டி எழுப்பப்பட்ட அரச வழிபாட்டுக் கூடத்தின் நிலவறையில், ஈயப் பெட்டியொன்றில், தாய்க்கும் தந்தைக்கும் கணவருக்கும் அருகே அவர் கிடக்கிறார்.